கழுவாத துவாலை

என் இடது கணுக்காலுக்குப் பின்னால் ஐந்து வருடம் ஒரு புண் இருந்தது. முதலில் கொசுக்கடி அளவு. சொறிந்தேன். பிறகு ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவு. அதற்கப்புறம் அளப்பதையே விட்டுவிட்டேன். கண்ணாடி வைத்துத்தான் பார்க்க முடியும் என்ற இடத்தில் இருந்ததால் எனக்கு அதன் முகம் அவ்வளவாகத் தெரியாது, வாடை நன்றாகத் தெரியும்.

கண்டி நகரத்தில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஒரு போட்டோ கொப்பிக் கடை. அதில் இருபத்திரண்டு வருடம் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான். கதிரை ஒன்று இருந்தது, அதில் முதலாளியின் பை உட்கார்ந்திருக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, வழக்குக் கட்டு என்று ஊர் முழுவதும் என் கை வழியாகத்தான் போனது. கால் நரம்பு புடைத்து, தோல் கறுத்து, கடைசியில் வெடித்தது. அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டர், "இனி நிக்காதீங்க, காலை உயர்த்தி வையுங்க" என்றார். அவருக்கென்ன, உட்கார்ந்துகொண்டு சொன்னார். நான் நிற்காவிட்டால் யார் எனக்குச் சம்பளம் தருவது? இன்னும் ஒரு வருடம் நின்றேன். அதற்குப் பிறகு வாடை தாங்க முடியாமல் முதலாளியே போகச் சொல்லிவிட்டார்.

எங்கள் வீடு மஹய்யாவையில், பாதையிலிருந்து அறுபத்தெட்டுப் படி இறங்க வேண்டும். வேலை போன பிறகு அந்த அறுபத்தெட்டும் எனக்கு மதில் மாதிரி ஆகிவிட்டன. கிளினிக் நாளில் மட்டும் ஏறுவேன். மற்ற நாளெல்லாம் இரண்டு அறை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அந்தச் சுவரில் எத்தனை வெடிப்பு, எந்த வெடிப்பில் பாசி என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன்.

என் வீட்டுக்காரர் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து என் தங்கச்சி வந்தாள். "ரெண்டு கெழம இருந்துட்டுப் போறேன்க்கா" என்று ஒரு சூட்கேசோடு வந்தவள் நான்கு வருடம் இருந்தாள். தினமும் உப்புப் போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் புண்ணைக் கழுவி, துவாலையால் ஒற்றி, கட்டுப் போட்டு, அந்தத் துவாலையைத் துவைத்துக் கொடியில் போடுவாள். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அதற்கும் எனக்குக் கோபம் வரும். மூக்கைப் பொத்தினாலாவது ஒரு மனுஷியாகத் திட்டலாமே!

அவளுக்கு வயது முப்பத்தாறு. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒருவர், மனைவியை இழந்தவர், அவளைப் பெண் கேட்டிருந்தார். அவளுக்கும் பிடித்திருந்தது. அவர் போன் எடுத்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள், அதிலேயே தெரிந்தது. தைக்குள் முடிவு சொல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று அவர் வீட்டில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். "அக்கா புண்ணு ஆறட்டும், வந்துர்றேன்" என்பது மட்டும்தான் அவளுடைய பதில். ஆக, அவள் கல்யாணம் என் கணுக்காலில் இருந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தங்கச்சிக்குச் சிங்களம் வராது, தோட்டத்தில் அதற்குத் தேவை இருக்கவில்லை. கடைக்குப் போனால் விரலால் காட்டித்தான் சாமான் வாங்குவாள். யாராவது ஏதாவது சொல்லி விளங்காவிட்டால் என்னைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் வள்ளென்று விழுவேன். "நாலு வருஷமா இந்த ஊர்ல இருக்க, இதுகூட வெளங்கலியா? காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?" என்பேன். கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டாள். அது எனக்கு அப்போது நிம்மதியாகவே இருந்தது.

புண் என்று ஒன்று வந்துவிட்டால் ஆளாளுக்கு வைத்தியர்தான். வேப்பிலை, மஞ்சள், தேன், பழைய சீலைச் சாம்பல் வரைக்கும் சொல்லியிருக்கிறார்கள். அப்படித்தான் மேல்வரிசை வீட்டுப் பெண் ஒருத்தி ஓசோன் பற்றிச் சொன்னாள். நகரத்தில் ஒரு மாடியறையில் தனியார் வைத்தியர் ஒருவர் ஏதோ ஒரு வாயுவை வைத்து ஆறாத புண்ணை ஆற்றுகிறாராம்.

"ஓசோன்னா ஓசியாக்கா?" என்று கேட்டாள் தங்கச்சி.

"ஓசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வாயை மூடிக்கிட்டு வா" என்றேன்.

அங்கே முதலில் புண்ணைக் கழுவினார்கள். ஈரத்தோடு காலை ஒரு தடித்த பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, முழங்காலுக்குக் கீழே பட்டியால் இறுக்கினார்கள். பையிலிருந்து ஒரு குழாய் மேசை மேலிருந்த பெட்டிக்குப் போனது, பெட்டிக்குப் பின்னால் ஒட்சிசன் சிலிண்டர். பெட்டிக்குள் மின்சாரம் பட்டு ஒட்சிசன் ஓசோனாக மாறுமாம். அது கிருமியைக் கொல்லுமாம், புண்ணைத் தூண்டி ஆறவைக்குமாம். ஆனால் மூச்சில் போகக் கூடாதாம். அதனால் கூட வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும். அரை மணி நேரம் அசையக் கூடாது. பை மெல்ல உப்பிக்கொண்டு வந்தது. நான் வீட்டுக்குள், வீடு சுவருக்குள், இப்போது காலும் பைக்குள். கத்த வேண்டும் போல இருந்தது. அந்நிய இடமாச்சே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

பட்டி ஓரமாக ஒரு துளி வாடை கசிந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போட்டோ கொப்பி மெஷின் வாடை! கோர்ட் நாளில் கட்டுக் கட்டாகப் பிரதி எடுக்கும்போது மெஷின் சூடேறி ஒரு காரமான வாடை வருமே, அச்சு அசலாக அதேதான். வைத்தியரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பழைய மெஷின்களிலிருந்து கொஞ்சம் ஓசோன் வரத்தான் செய்யும் என்றார். அப்படியென்றால் இருபத்திரண்டு வருடம் என் மூக்குக்குப் போய்க்கொண்டிருந்ததைத்தான் இப்போது காலுக்குக் கொடுக்கிறார்கள்.

அரை மணி முடிந்து பையைக் கழற்றி, புண்ணில் ஏதோ எண்ணெய் தடவிக் கட்டி அனுப்பினார்கள். நான் உள்ளே கிடந்தபோது, உதவிக்கு இருந்த பெண் வீட்டில் செய்ய வேண்டியதையெல்லாம் வெளியே வைத்துத் தங்கச்சியிடம் சிங்களத்தில் சொல்லி முடித்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"எல்லாம் சொன்னாங்கக்கா. எனக்கே வெளங்கிருச்சு" என்றாள். சிங்களத்தில் சொன்னதை முதல் தடவையாகத் தானே விளங்கிக்கொண்ட பெருமை முகத்தில் தெரிந்தது. நான் மேலே கேட்கவில்லை.

கிழமைக்கு இரண்டு தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் தங்கச்சி ஒரு பையில் வீட்டுத் துவாலையையும் எடுத்து வந்தாள். நீலக் கரை போட்ட வெள்ளைத் துவாலை. உதவிக்கு இருந்த பெண் ஒன்றும் பேசாமல் வாங்கி, என் குதிகாலுக்குக் கீழே விரித்து, முடிந்ததும் மடித்துக் கொடுத்துவிடுவாள். "இதை ஏன் சுமந்துக்கிட்டு வர்ற?" என்று கேட்டதற்கு, "அவங்கதான்க்கா சொன்னாங்க" என்றாள். வைத்தியசாலை என்றால் ஆயிரம் சட்டம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் கிழமை, கட்டுப் பிரித்தவள் திடீரென்று கத்தினாள். "அக்கா! ஓரமெல்லாம் செவந்து வருது! சதை புடிக்குதுக்கா!"

கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். உண்மைதான். சாம்பல் நிறத்தில் கிடந்த ஓரம் இளஞ்சிவப்பாக இருந்தது. வாயுதான் காரணமா, வீட்டிலே காலைத் தலையணையில் உயர்த்தி வைத்துக் கிடந்ததுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே கண்ணாடிக்குள் தலையை விட்டுப் பார்த்துச் சிரித்தோம்.

ஆறாம் தடவை போனபோதுதான் அது நடந்தது. நான் காலைப் பைக்குள் கொடுத்துவிட்டுக் கிடக்கிறேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. தங்கச்சி எதிர்க்கடைக்கு ஏதோ வாங்கப் போயிருந்தாள். வெளியே புதிதாக ஒரு பெரியவர், திகனயில் கடை வைத்திருப்பவராம், சீனி வியாதிக்காரர், பெருவிரலில் புண். உதவிக்கு இருந்த பெண் வழக்கமான பாடத்தை அவருக்கு ஒப்பித்தாள்.

"கெதர துவாலே ஹோதன்ன எபா. மெஹே ஆவாம அபி ஹோதனவா."

பெரியவர் கூட வந்த மகளிடம் சொன்னார். "கேட்டியா மகள், புண்ண ஊட்ல கழுவ வாணாமாம். இங்க வந்தா அவங்களே கழுவுவாங்களாம்."

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. சிங்களத்தில் துவாலே என்றால் புண். எங்கள் வீட்டிலே துவாலை என்றால் துடைக்கிற துண்டு. புண்ணை வீட்டில் கழுவாதே என்று அவள் சொல்ல, துவாலையை வீட்டில் கழுவாதே என்று இவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் பையில் போட்டு இங்கே கொண்டு வருகிறாள்! அதனால்தான் கொடியில் அந்தத் துவாலையைக் காணவில்லை! புண்ணை மட்டும் தினமும் வீட்டில் கழுவி, பதினைந்து நாளுக்கு மேல் துவைக்காத துவாலையால் ஒற்றிக்கொண்டிருக்கிறாள். பைக்குள் கால் மாட்டிக்கிடக்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக இவளை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தோம். என்னைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு அவள் தேநீர் வைக்கக் குசினிக்குள் போனாள். போன் அடித்தது. இந்தத் தடவை அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"தைக்குள்ள ஆறிரும் போலங்க. ஆமா. இல்ல, நெசமாத்தான்!" என்றாள். பிறகு சிரித்தாள். அப்படி அவள் தனியாகச் சிரித்து அந்த வீட்டில் நான் கேட்டதில்லை. பிறகு வந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேசை இழுத்து ஈரத்துணியால் தூசி துடைத்தாள். "சும்மாதான்க்கா, பூச்சி அரிச்சிருமோன்னு பாத்தேன்" என்றாள்.

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. பொறாமை என்றால் பாதிதான் சரி. பயந்தேன். அவள் போனால் இந்த இரண்டு அறையும் அந்தச் சுவரும் நானும்தான். யாரைத் திட்டுவேன், யாரோடு பேசுவேன்? நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தேன்.

நாளைக்குச் சொல்லவில்லை. அடுத்த நாளும் இல்லை. அவள் அதே துவாலையால் ஒற்றும்போது அவள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். எதற்கெடுத்தாலும் கத்துகிற வாய், இதற்கு மட்டும் திறக்கவில்லை. காலைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. ஒரு துண்டினால் என்ன ஆகிவிடப்போகிறது, ஆறுவது கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். தை தாண்டினால் போதும் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நினைத்தது அதைத்தான்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. கால் முழங்கால் வரைக்கும் சிவந்து வீங்கி, தொட்டால் உயிர் போனது. ஓசோன் வைத்தியர் கட்டைப் பிரித்துப் பார்த்ததும், "இதுக்கு இப்ப வாயு வேலை செய்யாது. உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றார்.

வார்டில் மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாளில் வீக்கம் இறங்காவிட்டால் காலை எடுக்க வேண்டியும் வரலாம் என்று டொக்டர் சொன்னார். யாழ்ப்பாணத்து நேர்ஸ் ஒருவர் தங்கச்சியைக் கூப்பிட்டு, வீட்டில் எப்படிக் கட்டுப் போட்டீர்கள், எதால் துடைத்தீர்கள் என்று கேட்டார். இவள் பையிலிருந்து அந்தத் துவாலையை எடுத்து நீட்டினாள். வெள்ளை எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"இதென்ன கோலம்? இதை எப்ப தோய்ச்சனீங்கள்?"

"துவாலைய வீட்டுல கழுவ வேணாம்னு அங்க சொன்னாங்கம்மா."

நேர்ஸ் ஒரு கணம் விழித்தார். பிறகு தலையில் கை வைத்தார். "ஐயோ பிள்ளை! துவாலே எண்டா புண்! புண்ணைத்தான் கழுவ வேண்டாமெண்டு சொல்லியிருக்கினம். விளங்காட்டி ஆரிட்டையாவது கேட்டிருக்கலாமே!"

பக்கத்துக் கட்டில்களில் சிரிப்பு எழுந்தது. தங்கச்சி சிரித்தவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. "அக்கா, நான் கேட்டிருக்கணும்க்கா. கேட்டா ஏசுவீங்கன்னு பயந்துட்டேன்" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். காய்ச்சலில் மயங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

கால் தப்பியது. பதினெட்டு நாள் கழித்து, அடியிலிருந்து முழங்கால் வரைக்கும் இறுக்கிச் சுற்றும் கட்டோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த இறுக்குக் கட்டும் காலை உயர்த்தி வைப்பதும்தான் வைத்தியம், ஒழுங்காகச் செய்தால் ஆறும் என்றார்கள். வாயுவைப் பற்றிக் கேட்டதற்கு டொக்டர் உதட்டைப் பிதுக்கினார். வாயுவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

வீட்டுக்கு வந்த தங்கச்சி வேறு ஆளாக இருந்தாள். துவாலைகளை அவித்தாள், வெயில் காணாத நாளில் இஸ்திரி போட்டுக் காயவைத்தாள். கையை உரித்துவிடுகிற மாதிரி சோப்புப் போட்டாள். சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் சுவரோரம் வரைக்கும் தள்ளிப்போயிருந்தது. மார்கழி பாதியில் ஒரு பகல், குசினிக்குள் அவள் போனில் பேசுவது கேட்டது. திரும்பவும் அந்தத் தாழ்ந்த குரல்.

"நீங்க வேற எடம் பாத்துக்குங்க. என்னாலதான அக்கா கால் போகப் பாத்துச்சு. முழுசா ஆறாம நான் எங்கயும் வர்றதா இல்ல. எத்தன வருஷமானாலும் சரி."

நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. இனி அவள் போக மாட்டாள். சந்தோஷம் வரவில்லை. அவள் கட்டு மாற்றத் தண்ணீரோடு வந்து கீழே உட்கார்ந்தாள். அவள் உச்சந்தலையில் நாலைந்து நரை முடி. நான் சொன்னேன்.

"துவாலை விஷயம் எனக்கு முன்னமே தெரியும்."

அவளுக்கு விளங்கவில்லை. "ஆஸ்பத்திரியில சொன்னப்பதான?" என்றாள்.

"இல்ல. அதுக்கு முன்னாடி. நீ சூட்கேசத் தொடச்சியே, அன்னைக்கே தெரியும். நீ போயிருவியேன்னு சொல்லாம இருந்தேன்."

அவள் கை நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். பிறகு கட்டுத் துணியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். கூட இறுக்கவில்லை, தளர்த்தவும் இல்லை. எப்போதும் போலத்தான் சுற்றினாள். முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் கேட்டா நீங்க கத்துவீங்கன்னு வாயத் தொறக்கல. உங்களப் பாத்துக் கத்த யாரு இருக்கா? நீங்க ஏன் வாயத் தொறக்கல?"

அவள் போட்ட முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அவள் எனக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தாள். கண்ணாடியை நாற்காலிக் காலில் எப்படிச் சாய்த்து வைப்பது, எந்தக் கையால் துணியைப் பிடிப்பது, எங்கிருந்து சுற்றத் தொடங்குவது. நான் மூன்று தடவை பிழை விட்டேன். பொறுமையாக மூன்று தடவையும் அவிழ்த்துக் காட்டினாள். துவாலைகளைத் துவைத்து, அவித்து, கொடியில் போட்டாள். பிறகு, "ரெண்டு மணிக்கு மடுல்கெல்ல பஸ் இருக்கு" என்றாள். அறுபத்தெட்டுப் படியையும் சூட்கேசோடு அவளே ஏறினாள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அங்கேயிருந்து சுவர்தான் தெரியும் என்பது நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது.

தையில் கல்யாணம் நடந்தது. என்னால் போக முடியவில்லை. அவளும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. சித்திரை தாண்டி என் புண் மூடியது, அந்த இடத்தில் பளபளப்பான ஒரு மெல்லிய தோல் மட்டும் மிஞ்சியது.

இத்தனை வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் எடுப்பாள். "கால் எப்பிடி இருக்கு?" என்று கேட்பாள். நல்லாயிருக்கு என்பேன். தன் வீட்டுக்காரர், தேயிலைக் கொழுந்து, மழை என்று இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிடுவாள். நீங்க எப்பிடி இருக்கீங்க என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. அக்கா என்ற சொல்லும் அவள் வாயில் வருவதில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை.

போன ஆடியில் அந்த மெல்லிய தோல் மறுபடியும் வெடித்துவிட்டது. இப்போது பழைய அளவுக்கே வந்திருக்கிறது. கண்ணாடியைச் சாய்த்து வைத்து நானே கழுவி, நானே கட்டுகிறேன். துவாலைகளை அன்றன்றைக்கே அவிக்கிறேன். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. சரியாகப் பத்து மணிக்குப் போன் எடுத்தாள். காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு பேசினேன்.

"கால் எப்பிடி இருக்கு?"

"நல்லா ஆறிப்போச்சு. நீ அலையாத, உன் வேலையப் பாரு" என்றேன்.